சர்க்கரை சேர்க்காத பன்றி

பேக்கன் என்ற உப்பிட்ட பன்றிக்கறிப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ‘சர்க்கரை: பூஜ்யம் கிராம்’ என்று போட்டிருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை கீழே, ‘சேர்ந்துள்ள பொருட்கள்’ என்ற தலைப்பில், ‘பன்றி இறைச்சி, தண்ணீர், உப்பு, சர்க்கரை’ என்று போட்டிருந்தது.

டுவைட் ஸ்காக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

"இந்தப் பேக்கன்ல சர்க்கரை இருக்கா, இல்லையாம்மா?" என்று அலமாரியில் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "இல்ல சார். பூஜ்யம்னு போட்டிருக்கே."

"கொஞ்சம் கீழ பாரு."

"இருக்கு சார்."

"அதான் கேக்கறேன்."

"ரெண்டுந்தான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் முட்டைப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் சொன்னது சரிதான். ஒரு வேளைக்கு அரை கிராமுக்கும் குறைவாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளலாம். பொருட்களின் வரிசைக்கு அந்தச் சலுகை கிடையாது. சிட்டிகை போட்டிருந்தாலும் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஒரே பாக்கெட்டில் மேலே கணக்குப்பிள்ளை பேசுகிறார், கீழே சமையல்காரர் பேசுகிறார். டுவைட்டின் வீட்டில் இப்போது ஆட்சி செய்யும் புத்தகம் சமையல்காரரைத்தான் நம்பச் சொன்னது.

அவர் அடுத்த பாக்கெட்டை எடுத்தார். பழுப்புச் சர்க்கரை. அதற்கடுத்தது தேன். அதற்கடுத்தது மேப்பிள் பாகு, அதுவும் முன்பக்கத்திலேயே, பெருமையாக. அலமாரி முழுக்கப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து இரண்டு முழங்கைகளையும் சொறிந்தார்.

சொறிவதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். வசந்தம் பிறந்ததிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்த சிறிது நேரத்தில் அவருக்குக் காணாக்கடி வந்தது. கை, வயிறு, கழுத்து என்று வட்டம் வட்டமாகத் தடித்து, சிவந்து, அரித்து, ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டு அடங்கும்.

டுவைட் எல்ம் ஃபோர்க் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவர். மிசௌரியின் அந்த மலைச்சாலைகளில் ஓடும் வண்டிக்கு வராத நோய் கிடையாது. அவர் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு: வண்டி புதிதாக முனகினால், கடைசியாக எதைக் கழற்றி மாட்டினாயோ அதைப் பார். அந்த நியாயப்படி, சாப்பிட்டதும் அரித்தால் குற்றவாளி மத்தியானச் சாப்பாடு. வான்கோழி சாண்ட்விச்சில் முதலில் தக்காளியை எடுத்தார். அரித்தது. சீஸை எடுத்தார். அரித்தது. ரொட்டியை எடுத்ததும் அது சாண்ட்விச் என்ற பெயரையே இழந்தது. அப்போதும் அரித்தது.

அவருடைய மனைவி ரோண்டாவுக்கு அவள் தங்கை ட்ரூடி ஒரு புத்தகம் கொடுத்தாள். அதன் சாரம் எளிது. எது ஆகவில்லை என்று தெரியாதபோது சந்தேகமான எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்து. தானியம், பால், பருப்பு, சமையல் எண்ணெய், சர்க்கரை. உடம்பு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார். எதைச் சேர்க்கும்போது தடிக்கிறதோ அதுதான். நடுவில் ஒரு துளி தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து.

"இது நாங்க ஃபியூஸ் ஒவ்வொண்ணா பிடுங்கிப் பாக்கற மாதிரில்ல இருக்கு" என்றார் டுவைட். அவருக்கு அந்த முறை பிடித்துவிட்டது. "ஆனா பேக்கன்ல கை வைக்கக் கூடாது."

"நான் இன்னும் அங்க வரவே இல்ல."

"வருவே. ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர் நெஞ்சத் தட்டிப் பாத்துட்டு மாட்டுக்கறிய விடச் சொன்னார், விட்டேன். ஹாம் போச்சு, சாசேஜ் போச்சு. கோழியும் கெளுத்தியும் தின்னு வாழறேன். காலையில ஆறு மணிக்கு நாலு துண்டு பேக்கன், அது ஒண்ணுதான் நான் மனுஷன்னு ஞாபகப்படுத்துது."

ரோண்டா புத்தகத்தைப் புரட்டினாள். "பேக்கன் சாப்பிடலாம்னுதான் போட்டிருக்கு. சர்க்கரை சேர்க்காததா இருக்கணும், அவ்வளவுதான்."

"பாத்தியா. புத்தகம் எழுதினவங்க நல்ல குடும்பத்துல பொறந்தவங்க."

"முழுசாக் கேளு. சர்க்கரை இல்லாத பேக்கன் கிடைச்சா சாப்பிடு. நான் குறுக்க வரல. ஆனா அதுக்கப்புறமும் அரிச்சுதுன்னா, சந்தேகத்துக்குப் பேக்கன் மட்டுந்தான் பாக்கி. அதையும் எடுத்துருவேன்."

"அரிக்காது" என்றார் டுவைட். சர்க்கரைதான் குற்றவாளி என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். பேக்கனைக் காப்பாற்ற யாராவது ஒருவர் ஜெயிலுக்குப் போயாக வேண்டியிருந்தது.

கடையில் கிடைக்காததால் அவர் ஆர்லின் டெக்கரிடம் போனார். ஆர்லின் அவரோடு படித்தவன். ஊருக்கு வெளியே இறைச்சி வெட்டிப் பதப்படுத்தும் கொட்டகை வைத்திருந்தான். இலையுதிர் காலத்தில் ஊரார் சுட்டுவரும் மான், மற்ற மாதங்களில் பன்றி.

"சர்க்கரை இல்லாத பேக்கனா?" ஆர்லின் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தான். "டேய், அதுக்கு நீ என் பெல்ட்டைக் கழட்டி வறுத்துத் தின்னலாம். உப்பும் இருக்கும், புகை நாத்தமும் இருக்கும், எனக்கும் ஒரு செலவு மிச்சம்."

"முடியுமா, முடியாதா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா? வேண்டாம்னுதான் சொல்றேன்."

பேக்கன் செய்வது பெரிய மந்திரம் இல்லை. பன்றியின் வயிற்றுப் பகுதியைப் பலகைபோல வெட்டி எடுத்து, உப்பும், கெடாமலிருக்க ஒரு சிட்டிகை பதப்படுத்தும் உப்பும் பூசி, குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைப்பார்கள். உப்பு உள்ளே போகும், தண்ணீர் வெளியே வரும். பிறகு ஹிக்கரி கட்டைப் புகையில் தொங்கவிடுவார்கள். சர்க்கரையின் வேலை உப்பின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தட்டிக்கொடுப்பதும், வாணலியில் பொன்னிறம் வாங்கித் தருவதும்தான். அது இல்லாவிட்டாலும் பேக்கன் பேக்கன்தான். சற்றுக் கோபக்காரப் பேக்கன்.

ஆர்லின் ஒரு பலகை செய்து கொடுத்தான். முதல் காலையிலேயே டுவைட் நாலு துண்டுக்குப் பதில் ஆறு துண்டு சாப்பிட்டார். வேறு எதுவும் சாப்பிடக் கூடாதே, பாவம். மத்தியானம் ரோண்டா கட்டிக் கொடுத்த கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். மணியடித்ததுபோலச் சரியாக அரித்தது.

"உருளைக்கிழங்கு" என்றார் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும். "அது மாவுச்சத்து. மாவுச்சத்துன்னா என்ன, வேஷம் மாறின சர்க்கரை."

"அப்ப மத்தியானம் என்னத்தக் கட்டித் தர்றது?"

டுவைட் யோசித்தார். இதுவரை நிரபராதி என்று நிரூபணமான உணவு ஒன்றே ஒன்றுதான். "பேக்கன். ரெண்டு கீரை இலையில சுத்திக் குடு, போதும்."

இதனால் மத்தியான அரிப்பு போகவில்லை. ஆனால் புதிதாகச் சாயங்கால அரிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. அது வந்த முதல் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் பாப்டிஸ்டு சபையாருக்கும் பக்கத்து ஊர் மெத்தடிஸ்டு சபையாருக்கும் பேஸ்பாலின் தம்பியான சாஃப்ட்பால் போட்டி. டுவைட் பாப்டிஸ்டுகளின் மூன்றாம் முக்குப் பயிற்சியாளர்.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மைதானத்தின் நாலு முக்கில் மூன்றாவதில் நிற்பவர் ஓட்டக்காரர்களுக்கு எப்போது அடுத்த முக்குக்கு ஓட வேண்டும் என்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் எதிரணிக்கும் கேட்டுவிடும். அதனால் உடம்பால் சொல்வார். காதைத் தொடுவார், மார்பைத் தடவுவார், இடுப்பைத் தட்டுவார், அதெல்லாம் சும்மா ஏமாற்று. தொப்பியைத் தொட்டுவிட்டு முழங்கையைத் தேய்த்தால் மட்டும் ‘ஓடு’ என்று அர்த்தம். இது அணிக்குள் மட்டுமே தெரிந்த பரம ரகசியம்.

ஆறு மணிக்கு டுவைட் தொப்பியைத் தூக்கி நெற்றி வியர்வையைத் துடைத்தார். அதே நேரத்தில் முழங்கையில் ஒரு வட்டம் தடிக்க ஆரம்பித்தது.

முதல் முக்கில் நின்றவர் போதகர் கெண்டல். கனத்த சரீரம், கனத்த கீழ்ப்படிதல். பந்து எறிபவன் கையில் பந்து சாவகாசமாக இருக்கும்போதே அவர் ஓடத் தொடங்கினார். பாதி வழியில் மெத்தடிஸ்டுகள் பந்தோடு அவருக்காகக் காத்திருந்து அவுட் ஆக்கினார்கள். அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர் அதே கதியை அடைந்தார்கள். கடைசியாகப் போனவன் ஓடலாமா நிற்கலாமா என்று புரியாமல் நடந்தே போனான்.

"போதகரே, உங்கள யாரு ஓடச் சொன்னா?" என்று ஆட்டம் முடிந்ததும் டுவைட் கேட்டார்.

"நீங்கதான் சொன்னீங்க. நாலு தடவ சொன்னீங்க. அவ்வளவு அவசரமா சொல்றாரேன்னுதான் ஓடினேன்."

"அரிச்சுதுங்க."

"அடுத்த வாரம் நீங்க ஸ்கோர்போர்டுப் பக்கம் நில்லுங்க, சகோதரரே. கர்த்தர் அங்கேயும் ஊழியம் வச்சிருக்கார்."

டுவைட் அவமானத்தோடு வீட்டுக்குப் போகாமல் நேரே ஆர்லின் கொட்டகைக்குப் போனார்.

"உன் பேக்கன்ல சர்க்கரை இருக்கு."

"என் அம்மா மேல ஆணையா நான் போடல."

"அப்ப என்னதான் போட்ட?"

ஆர்லின் உள்ளே போய், தான் பதப்படுத்தப் பூசும் உப்புப் பையைத் தூக்கிவந்தான். கடையில் கலந்தே விற்கும் பை. இரண்டு பேரும் விளக்கடியில் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். உப்பு. டெக்ஸ்ட்ரோஸ்.

"டெக்ஸ்ட்ரோஸ்னா என்னடா?" என்றார் டுவைட்.

"சர்க்கரைதான். ஞாயித்துக்கிழமை கோட்டுப் போட்டுட்டு வந்திருக்கு" என்றான் ஆர்லின், சற்று வெட்கத்தோடு.

டுவைட்டுக்கு வெளியில் கோபம், உள்ளுக்குள் அளவில்லாத நிம்மதி. திருடன் பிடிபட்டான். பேக்கன் தப்பித்தது. ரோண்டாவிடம் போய் இதை ஒரு வெற்றிச் செய்தியாகச் சொன்னார். அவள் நாட்காட்டியில் மறுபடி முதல் நாளைக் குறித்தாள்.

இரண்டாவது பலகைக்கு ஆர்லின் வெறும் உப்பும், தனியாக வாங்கிய பதப்படுத்தும் உப்பும் மட்டும் பூசினான். உப்பு அவ்வளவு கரித்ததால் அதைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வறுக்க முடிந்தது. இருந்தாலும் டுவைட் சலிக்காமல் காலையிலும் மத்தியானத்திலும் சாப்பிட்டார்.

இந்தக் கட்டத்தில் ரோண்டாவும் தன்னால் ஆனதைச் செய்தாள். புத்தகம் சமையல் எண்ணெய்களை எல்லாம் தள்ளிவைத்திருந்தது. எல்ம் ஃபோர்க்கில் எந்த அடுப்புக்குப் பக்கத்திலும் பேக்கன் வறுத்து வடிந்த கொழுப்பைச் சேர்த்துவைக்கும் ஒரு தகர டப்பா இருக்கும். புருஷன் சாப்பாடு ருசியில்லாமல் போகிறதே என்ற இரக்கத்தில் அவள் கோழி, முட்டை, கீரை, கெளுத்தி எல்லாவற்றையும் அதிலேயே வறுத்தாள். புத்தகத்தில் அதற்குத் தடை இல்லை. சர்க்கரை சேராத பேக்கன் கொழுப்பு ஆயிற்றே.

இப்போது அரிப்புக்கு நேரம் காலமே இல்லாமல் போயிற்று. டுவைட் பேருந்துக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது, முதுகைத் தரையில் தேய்க்கும் வசதிக்காகவே கூடுதல் நேரம் படுத்திருந்தார்.

"ஒண்ணும் புரியலையே" என்றாள் ரோண்டா. "எதையுமே சாப்பிடறதில்ல நீ. அப்புறம் எது அரிக்குது?"

"எங்கேயோ சர்க்கரை கசியுது. பெட்ரோல் கசியற மாதிரி. கண்ணுக்குத் தெரியல, வாடை மட்டும் வருது."

அந்தக் கசிவை அவர் தேடிக் கண்டுபிடித்தும்விட்டார். பேச்சுவாக்கில் ஆர்லினிடம், "பன்னி எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

"ஹோவர்ட் பண்ணையிலேருந்து. அவரு வளக்கறது கொழுகொழுன்னு இருக்கும்."

"என்ன போடறாரு?"

"பேக்கரியில மிஞ்சின டோனட்டுதான். வாரம் ஒரு லாரி."

டுவைட் கொக்கியில் தொங்கிய பன்றியை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய்" என்றார் மெல்ல, "நாம இவ்வளவு நாளா பேக்கனுக்குச் சர்க்கரை போடாம இருந்தோம். பன்னிக்குப் போட்டிருக்காங்கடா."

"பன்னி தின்ன டோனட் பேக்கன்லயா வரும்?"

"நீ பூண்டு தின்னா உன் பக்கத்துல நிக்க முடியுதா?"

ஆர்லின் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தான். உண்மையில் தின்ற சர்க்கரை கொழுப்பாக மாறிவிடும், சர்க்கரையாக உட்கார்ந்திருக்காது. ஆனால் இதைச் சொல்லத் தெரிந்தவர் யாரும் அன்று கொட்டகையில் இல்லை. இருந்திருந்தாலும் டுவைட் கேட்டிருக்கமாட்டார்.

மலைக்கு மேலே இனெஸ் பிரௌட்டி என்ற பெண்மணி ஓக் காட்டுக்குள் பன்றிகளைத் திரியவிட்டு வளர்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். ஓக் கொட்டை, வேர், புழு, பூச்சி. டோனட் என்றால் என்னவென்றே தெரியாத பன்றிகள்.

"இனிப்பு எதுவும் குடுத்ததில்லையே? ஒரு ஆப்பிள், ஒரு பிறந்தநாள் கேக்கு?" என்று டுவைட் வேலியோரம் நின்று கேட்டார்.

இனெஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பன்னி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

வாங்கி, வெட்டி, வெறும் உப்புப் பூசி, புகைபோட்டு, மூன்றாவது பலகை மேசைக்கு வந்தது. ரோண்டா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இதான் கடைசி, டுவைட். இதுக்கும் அரிச்சா பேக்கன் இந்த வீட்டு வாசப்படி ஏறாது."

"இதுக்கு அரிச்சா நானே அந்தத் தகர டப்பாவத் தூக்கிப் போடறேன்" என்றார். அந்தக் காட்டுப் பன்றியின் சாட்சி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. முழுத் தட்டையும் சாப்பிட்டார். வாணலியில் ஒட்டியதையும் சுரண்டிச் சாப்பிட்டார். அவர் வாழ்நாளில் சாப்பிட்ட பேக்கனிலேயே அதுதான் சிறந்தது. ஒரு பொட்டுச் சர்க்கரை இல்லை, மூன்று தலைமுறைக்கு இல்லை.

எதிலும் பழி விழக் கூடாது என்று அன்று மத்தியானம் அவர் தண்ணீர் மட்டுமே குடித்தார்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் அவர் உதடு பஸ் டயர்போல வீங்கியது. பஸ் கொட்டகையிலிருந்து யாரோ கூப்பிட்டுச் சொல்ல, ரோண்டா ஓடிவந்து அவரை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரட்டினாள். ஊசி போட்டு வீக்கம் வடிந்ததும், புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"தண்ணி."

"அதுக்கு முன்னாடி?"

"காலையில பேக்கன். ஆனா சர்க்கரை சேர்க்காதது. பன்னியும் சர்க்கரை சாப்பிடாதது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தன மணிக்கு?"

"காலையில ஆறு மணிக்குங்க. அது எப்பவோ ஆச்சே" என்று டுவைட் பொறுமையாகச் சொன்னார். பிறகு பூஜ்யம் கிராம், டெக்ஸ்ட்ரோஸ், டோனட் லாரி எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினார். டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை வெறும் கோழியும் வேகவைத்த காயும்தான் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நாட்களில் அரிப்பு வரவில்லை. ரோண்டா அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஊசி வேலை செய்யுது" என்றார் டுவைட் அவள் கேட்பதற்கு முன்பே. "இல்ல, இப்பத்தான் சர்க்கரை மொத்தமா வெளிய போயிருக்கு. அதான்."

முடிவைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து கார்லா என்ற நர்ஸ் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று ரோண்டா போனை மேசை நடுவில் வைத்தாள்.

"மிஸ்டர் ஸ்காக்ஸ், எதுன்னு ரத்தத்துல தெளிவாத் தெரிஞ்சுடுச்சு. உங்கள உண்ணி ஏதாவது கடிச்சுதா?"

"எல்ம் ஃபோர்க்ல உண்ணி கடிக்காதவன் இன்னும் பொறக்கலம்மா. உண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சில பேருக்கு அது கடிச்சதுக்கப்புறம் ஏதாவது ஒரு சாப்பாடு ஒடம்புக்கு எதிரியாயிடும் சார். தின்ன ஒடனே காட்டாது. அஞ்சாறு மணி நேரம் கழிச்சுத்தான் தடிக்கும். அதனால யாராலயும் லேசுல கண்டுபிடிக்க முடியாது."

டுவைட் நாற்காலியில் சாய்ந்தார். அத்தனை மாதக் குழப்பமும் தெளிந்துவிட்டது போலிருந்தது. ரோண்டாவைப் பார்த்து, நான் சொன்னேன் பார் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

"எனக்கு எப்பவோ தெரியும்மா" என்றார் போனைப் பார்த்து. "ஆயுசுக்கும் தொடாம இருக்கவும் நான் தயார். காப்பியில கூட வேண்டாம். சர்க்கரைய அடியோட விட்டுடறேன்."

"சர்க்கரையா? அத நீங்க மூட்டையோட தின்னலாம் சார், பன்னியத்தான் விடணும்."